கல் சொன்ன பொய்யும் கல்தச்சன் சொன்ன உண்மையும்

நன்றியாம், நன்றி! நூறடி உயர நன்றி! கல்லிலே செதுக்கி, குன்றின் உச்சியிலே நிறுத்தி, காற்றும் மழையும் கரைக்காதபடி கட்டி வைத்த நன்றி!

ஸ்காட்லாந்தின் வடபகுதியிலே, சதர்லாந்து வட்டாரத்திலே, கோல்ஸ்பி என்னும் கடலோரச் சிற்றூரிலிருந்து அந்த நன்றியைக் காணப் புறப்பட்டோம். இருப்புப்பாதையைக் கடந்து, மரக்காட்டுக்குள் புகுந்து மேலேறினால், மரங்கள் பின்தங்கிவிடுகின்றன. அதன்பின் ஹெதர் என்னும் குறும்புதரும் நீர் கோத்த கருமண்ணுமே துணை. காலை வைத்தால் மண் பிடித்துக்கொள்கிறது; இழுத்தால் முனகிக்கொண்டு விடுகிறது. பென் பிராகி என்பது குன்றின் பெயர். ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். உச்சியை அடைந்தபோது நமக்கு மூச்சு வாங்கியது. அங்கே நிற்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை; 1830-களிலேயே ஏற்றி வைத்துவிட்டார்கள்.

முதலாம் சதர்லாந்து டியூக் அவர். 1833-இல் பட்டம் பெற்று, அதே ஆண்டில் மறைந்தவர். அந்நாளில் பிரிட்டனின் பெருஞ்செல்வர் வரிசையிலே முன்னணியில் இருந்தவர். பணம் அவருடையது, நிலம் அவருடைய துணைவி எலிசபெத் சீமாட்டியின் பரம்பரைச் சொத்து. இரண்டும் கைகோத்தன, நடுவிலே நசுங்கியவர்கள் குடியானவர்கள்! சிலையின் முகம் கடலை நோக்குகிறது. முதுகு பள்ளத்தாக்குகளை நோக்குகிறது. ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மானி'. குட்டி மனிதன் என்று பொருள். நூறடிச் சின்னத்திற்கு இப்படிப் பெயரிட்ட அந்த ஊராரின் குறும்பை வெகுவாக ரசித்தோம்.

பீடத்திலே எழுதியிருப்பது என்ன? துயரமும் நன்றியும் நிறைந்த குடியானவர்கள், அறிவும் அன்பும் தாராளமும் கொண்ட தங்கள் நிலக்கிழாருக்கு எழுப்பியது என்ற கருத்து. படித்தோம். திரும்பி உள்நாட்டுப் பக்கம் பார்த்தோம். புதர்வெளி, அதற்கப்பால் புதர்வெளி, அதற்கும் அப்பால் மேகம். நன்றி சொன்ன குடிகள் எங்கே? அடுப்புப் புகை எங்கே? உழவு எங்கே?

விடை ஏட்டிலே இருக்கிறது. 1814 முதல் 1820 வரை ஏறத்தாழ 3,000 குடும்பங்கள், 15,000 மக்கள், அந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்டனர் என்று கணக்குக் காட்டுகிறார் கார்ல் மார்க்ஸ், 1867-இல் வெளிவந்த தமது 'மூலதனம்' நூலில். 7,94,000 ஏக்கர் நிலம் சீமாட்டியின் வசமாயிற்றாம். விரட்டப்பட்டவர்களுக்குக் கடலோரத்திலே குடும்பத்திற்கு 2 ஏக்கர் வீதம் பாழ்நிலம்! 1825-இல் 15,000 மக்கள் வாழ்ந்த மண்ணிலே 1,31,000 ஆடுகள்! ஆட்டுக்குத் தரும் குத்தகை மனிதனுக்குத் தரும் குத்தகையைவிட மிகுதி. ஆகவே மனிதன் வெளியே, ஆடு உள்ளே! இதற்குத்தான் 'சீர்திருத்தம்' என்று பெயர் சூட்டினார்கள். சீர் யாருக்கு? திருத்தம் யார் தலையில்?

எப்படி விரட்டினார்கள்? கூரையைப் பிரித்து, உத்தரங்களுக்குத் தீ வைத்து! மரம் அரிதான நாடு அது; உத்தரம் எரிந்தால் திரும்பவந்து குடில் கட்ட வழியில்லை. எரித்தவர்களுக்கு அது தெரியும். எஸ்டேட்டின் காரியஸ்தர் பாட்ரிக் செல்லர் 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலே நடத்திய வெளியேற்றம் வழக்குமன்றம் வரை போயிற்று. படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள், சில நாளில் அவள் மாண்டாள் என்பது குற்றச்சாட்டு. 1816-இல் இன்வெர்னஸ் நகரிலே விசாரணை. நடுவர்களாக அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமும் செல்வமும் உடையவர்கள். தீர்ப்பு: விடுதலை! காலி செய்யப்பட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆட்டுப்பண்ணை வைத்தவர் யார் தெரியுமா? அதே செல்லர்! விரட்டியவரே வாரிசு!

மறுநாள் அந்தப் பள்ளத்தாக்குக்கே சென்றோம். ரோசல் என்னும் ஊர் இருந்த இடம் இன்றும் இருக்கிறது, ஊர்தான் இல்லை. புல் மூடிய சுவரடிகள், தானியம் உலர்த்திய சூளைக் குழிகள், உழுத வரப்பின் தழும்புகள். வாசற்படி இருந்திருக்கவேண்டிய இடத்திலே நின்றோம். பேச்சு வரவில்லை.

ஆண்டவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஆண்டவன் சார்பில் குருமார்கள் பேசினார்கள்! உங்கள் பாவத்திற்கு இது தண்டனை, பணிந்து போங்கள் என்று பலர் போதித்தனர். குருவை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவிடம் இருந்த காலம் அது. அந்த உரிமைச் சண்டையால்தான் 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையே பிளந்தது. சோறு போடுபவர் பிரபு. பாவி என்று ஏசப்படுபவன் உழவன்! பெட்டிஹில் என்னும் ஊரிலே பழைய கோயில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1774-ஆம் ஆண்டின் பிரசங்க மேடை அதனுள்ளே அப்படியே நிற்கிறது. ஏறிப் பேசுவார் இல்லாத மேடை! அருங்காட்சியகம்தான் அதற்கு ஏற்ற இடம் என்று நினைத்துக்கொண்டோம். விதிவிலக்கும் உண்டு, மறைக்கமாட்டோம்: டொனால்டு சேஜ் என்ற இளம் போதகர் 1819-இல் மக்களோடு சேர்ந்து தாமும் வெளியேற்றப்பட்டு, கண்டதை எழுதியும் வைத்தார்.

சாலை போடவில்லையா, துறைமுகம் கட்டவில்லையா, பெரும்பொருள் செலவிடவில்லையா என்று டியூக்கிற்காக வாதாடுவோர் இன்றும் உண்டு. போட்டார், கட்டினார், செலவிட்டார். மறுக்கவில்லை! மாடு மேய்த்து, மலைச்சரிவில் ஓட்ஸ் விதைத்து வாழ்ந்தவனைக் கடலோரப் பாறையிலே கொண்டுபோய் நிறுத்தி, 'இனி மீன் பிடித்துப் பிழை' என்றாரே, அவனைக் கேட்டாரா? கேளாமல் தந்தது கொடையா, கட்டளையா?

குடும்பத்தின் கருணைக்கு இன்னொரு சான்றும் உண்டு. அடுத்த தலைமுறை டியூக்கின் துணைவியார் 1852-இல் தமது இலண்டன் மாளிகையிலே சீமாட்டிகளைக் கூட்டி, அமெரிக்க நீக்ரோ அடிமைகளுக்காகக் கண்ணீர் வடித்தார். அடிமை முறை ஒழியவேண்டியதே. அந்தக் குரலை நாம் பழிக்கவில்லை. சொந்தக் குடிகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் மிச்சமில்லையா என்று 1853-இல் அமெரிக்க நாளேட்டிலே எழுதிக் கேட்டார் மார்க்ஸ். 'டாம் மாமாவின் குடிசை' எழுதிப் புகழ்பெற்ற ஸ்டோ அம்மையாரோ, அந்த மாளிகையிலே விருந்துண்டு திரும்பி, குடும்பத்தைப் பாராட்டி எழுதினார். குடிசைக்காக அழுத எழுத்து, கொளுத்தப்பட்ட குடிசைகளைக் காணவில்லை!

அவருக்கு மறுமொழி எழுதியவர் ஒரு கல்தச்சர்! டொனால்டு மக்லௌட், ரோசலிலே பிறந்தவர். 1830-இல் அவர் வேலைக்காக வெளியூர் சென்றிருந்தபோது, மனைவி மக்களை வீட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். அவர் உளியை வைத்துவிட்டு எழுதுகோலை எடுத்தார். 1840, 41-இல் எடின்பரோ வார ஏடு ஒன்றிலே கடிதம் கடிதமாக எழுதினார். ஆம், நம்முடையதுபோல ஒரு வார ஏடு! 1819-இல் ஓர் இரவு மேட்டிலே ஏறி நின்று, எரியும் வீடுகளை எண்ணினேன், 250 என்று எழுதினார். சிலைக்குப் பணம் தந்தவர்கள் நன்றியால் தரவில்லை, அச்சத்தால் தந்தார்கள் என்றும் எழுதினார். கனடாவிலே குடியேறிய பின்னும் விடவில்லை. 1857-இல் அம்மையாருக்கு நூலாகவே விடை கொடுத்தார்.

சிற்பியைப் பற்றியும் ஒரு சொல். டியூக்கின் உருவை வடித்தவர் சாந்திரி. சென்னையிலே தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையும் அவர் வடித்ததே. அங்கே நிறுத்தப்பட்டது 1839-இல். இடைத்தரகன் இன்றி உழவனோடு நேரடியாக நிலத்தீர்வை பேசவேண்டும் என்று வாதாடியவர் மன்றோ. உழவனைப் பெயர்த்தெறிந்தவருக்கும் அதே கைதான். கைக்குக் கூலி, கல்வெட்டுக்கு வாசகம் தந்தவர்களைத்தான் நாம் கேட்கவேண்டும்.

சிலையை இடிக்க வேண்டுமா? 1990-களிலே அப்படி ஒரு கோரிக்கை எழுந்தது, நிறைவேறவில்லை. 2011-இல் யாரோ பீடத்துக் கற்களைப் பெயர்த்தும் பார்த்தார்கள். அந்தச் சினம் நமக்குப் புரிகிறது. ஆயினும் நமது கருத்து வேறு. இடித்தால் டியூக் மறைவார். கூடவே அந்தப் பொய்யும் மறையும். பொய் மறையக்கூடாது! குடியானவர் உரிமையைக் காக்கும் சட்டம் வந்தது 1886-இல். ஊர் ஊராக மக்கள் எதிர்த்து நின்றதால் வந்தது. 1993-இல் இதே சதர்லாந்திலே, அசிண்ட் பகுதிக் குடியானவர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டி, தாங்கள் வாழும் நிலத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டனர். பென் பிராகியிலே இந்தச் செய்திகள் ஏறட்டும். நன்றி என்ற எழுத்துக்கு நேரெதிரே, அதே அளவு எழுத்திலே, 250 வீடுகள் எரிந்த கணக்கு ஏறட்டும். எழுதியவன் பெயரும் ஏறட்டும்: டொனால்டு மக்லௌட், கல்தச்சன்.

அவருக்கும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஸ்ட்ராத்நேவர் சாலையோரத்திலே, ரோசலுக்கு எதிரே. அதைக் காண எந்தக் குன்றும் ஏறவேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி இறங்கினால் போதும்.