இலவசக் கல்வியும் ஏழை மாணவனும்

2017ஆம் வருஷம் நியூயார்க் மாகாணம் எக்செல்சியர் என்னும் உபகாரச் சம்பளத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அரசாங்கக் கலாசாலைகளில் இனிக் கட்டணமே இல்லையென்று ஜனங்கள் சந்தோஷப்பட்டது இயல்பே. ஆனால், வாஷிங்டன் அரசாங்கத்தின் பெல் மானியத்தையும் மாகாணத்தின் பழைய உதவித் தொகையையும் கழித்து, எஞ்சிய கட்டணத்தை மட்டுமே இது ஈடுசெய்வதால், அவ்விரண்டினாலேயே கட்டணம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிற பரம ஏழைக்கு இதனால் பிரயோஜனம் சொற்பம்; 2019இல் 1,25,000 டாலர் வருஷ வருமானம்வரை விஸ்தரிக்கப்பட்ட இதன் லாபம் பெரிதும் மத்தியதரக் குடும்பங்களுக்கே. ஏழையை வாட்டுவதோ வாடகை, சாப்பாடு, புத்தகச் செலவு. போதாக்குறைக்கு, வருஷத்துக்கு 30 பாட அலகுகள் தேற வேண்டுமென்ற நிபந்தனை வேறு. கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவனால் ஆகிற காரியமா அது? கட்டணத்தை மாகாணமே முதலில் ஏற்றுக்கொண்டு, பெல் மானியத்தை மாணவனின் ஜீவனத்துக்கு விட்டுவிடுவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.