முதல் நாள் பட்டினி போடுங்க!

கொளத்தூரில் கடல்மீன் வாங்கி, பாலிதீன் பையில் பைக்கில் ராஜகீழ்ப்பாக்கம் வரை வந்தால் அந்த மீனுக்குப் பாதி உயிர்தான் மிச்சம். வந்ததும் பையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டி, விளக்கைப் போட்டு, தீனியையும் அள்ளிப் போடுகிறார்கள். இரண்டே நாளில் கதை முடிகிறது. "சாப்பிடவே இல்ல" என்று பழி மட்டும் மீன் மேல்!

பயந்த மீன் சாப்பிடாது. விளக்கை அணைத்து, பையைக் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு மீனைப் பை நீரோடு வாளியில் விட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து உப்பு அளவுக்குப் பழக்குங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக்கூடாது. ஒளிந்துகொள்ளக் கல் இருக்கட்டும். தின்னாத தீனி அழுகினால் அம்மோனியா, அதுதான் எமன். மறுநாள் ஆர்டீமியா கொஞ்சமாகப் போதும்.

பவளப்பாறையில் பிடிபட்ட மீனுக்கு உருண்டைத் தீனி என்றால் என்னவென்றே தெரியாது. தொட்டியில் பிறந்தது சுலபமாகச் சாப்பிடும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்க முடியும் என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் காட்டியிருக்கிறது. முதல் மீன் அப்படிப்பட்டதாக இருக்கட்டும்.

காசை நீட்டும் முன், "தீனி போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். நஷ்டம் உங்களுக்குப் பணம், மீனுக்கு உயிர்.