நோயாளிக்கு வாய் இருக்கிறது

மனநோய் மூளையின் நோய், மாத்திரைக்கு இனம் தெரியாது, மலேசியத் தமிழருக்கென்று தனி மனநலச் சேவை கேட்பது இனவாதம் என்று எழுதியிருக்கிறார் ஒருவர். படித்தவர் எழுதியது என்பதால் கோபம் கூடுகிறது.

மாத்திரைக்கு இனம் தெரியாதுதான். ஆனால் எந்த மாத்திரை என்று எப்படி முடிவு செய்வது? நீரிழிவுக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு நோயாளியின் பேச்சுதான் சோதனை. சிம்பாங் பூலாய்ப் பக்கம் பால்மரம் சீவி முதுமையடைந்த பாட்டிக்கு, மீன் வாங்கவும் பஸ் ஏறவும் மலாய் போதும். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று சொல்லப் போதாது. "நெஞ்சு அடைக்குது, கைகால் ஓஞ்சு போச்சு" என்பார். இதயத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்க்க மகனையே உள்ளே அழைப்பதும் நடக்கிறது. அந்த மகனின் குடிதான் அவரைத் தூங்கவிடாத துயரம் என்றால், அதை அவன் வாய்வழியே எப்படிச் சொல்வார்?

தோட்டத்து ஜனங்கள் அறியாமையால் மருத்துவரிடம் வருவதில்லையாம். 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு இன்று பகாகியா என்று பெயர். இருந்தும் அந்த ஊர்ப்பெயர் ஈப்போ வட்டாரத்தில் இன்னும் ஏச்சுச்சொல். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடு அங்கே போகத் தயங்காதா? தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. போலீசுக்குப் பயந்து வாயை மூடியவரை அறிவிலி என்பது அநியாயம். சிம்பாங் பூலாய்ச் சாலை ஏறிச்செல்லும் கேமரன் மலையில் இந்தியரிடையே தற்கொலை மிகுந்திருப்பதை மனநல மருத்துவர் டி. மணியம் 1988லேயே எழுதிவிட்டார். பெருந்தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் கோயிலும் ஒருசேரப் போன சமூகத்தின் துக்கத்தை வெறும் மூளை வேதியியலாகச் சுருக்க இவருக்கு எப்படி மனம் வந்தது?

கடைசியில் தமிழ்நாட்டின் ஏர்வாடி தர்காவை இழுக்கிறார். 2001 ஆகஸ்ட் 6இல் அங்கிருந்த மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டுண்டு தீயில் கருகிய 28 பேரை வைத்து, பண்பாடு என்றாலே சங்கிலி என்று முடிக்கிறார். சங்கிலி கொடுமை, அதற்கு ஆதரவாக நான் ஒரு சொல்லும் பேசமாட்டேன். ஆனால் குஜராத்தின் உனாவா தர்காவில் 2008 முதல் பிரார்த்தனைக்கு வருவோர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கிறார்கள். கோவாவில் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்து ஆலோசகர்களாக்கினார்கள். அவர்கள் இருந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் கூடுதலானோர் குணமடைந்ததாக 2010இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இவற்றை அவர் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் கேட்பது தனி மருத்துவமனை அல்ல. அரசாங்க கிளினிக்கில் தமிழ் பேசும் ஆலோசகர், குடும்பத்தாரல்லாத மொழிபெயர்ப்பாளர், பூசாரியைத் திட்டாமல் அவரிடமும் பேசத் தெரிந்த தாதியர். சீன மூதாட்டிக்கும் ஒராங் அஸ்லி முதியவருக்கும் அவரவர் மொழியில் இதே உரிமை வேண்டும். இனவாதம் என்ற சொல்லை அவர் திரும்பப் பெறட்டும்.