கடைசி அத்தியாயம் யாருடையது?

என் மேஜைமீது ஒரு தாள் கிடக்கிறது. இப்போது எழுதிவரும் நாவலில் இன்னும் பாக்கியிருக்கும் ஏழு காட்சிகளை அதில் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுவதற்குப் பெயர் கலையா? இது கணக்குப்பிள்ளை வேலை அல்லவா!" என்று சிரித்தார். கதையைக் கேட்ட இன்னொருவரோ, "கமலத்துக்கு எப்படியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிடுங்கள், ஸார். இல்லாவிட்டால் யாரும் புஸ்தகத்தைத் தொடமாட்டார்கள்" என்று ஆலோசனை சொன்னார்.

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்குப்பிள்ளை விஷயம். சார்லஸ் டிக்கன்ஸைவிடக் கற்பனை வளம் மிகுந்தவன் நான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் தம் பிற்கால மாத வெளியீட்டு நாவல்களுக்கு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளில் திட்டம் எழுதினார். ஒரு பக்கம், இன்னாரை இந்த மாதம் கொண்டுவரலாமா, வேண்டாமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள், மறுபக்கம் அத்தியாயங்கள். அவற்றில் பல தாள்கள் லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. கலைவாணி தானாக வந்து கையைப் பிடித்து எழுதுவாள் என்று அந்த மனிதர் காத்திருக்கவில்லை.

இரண்டாமவருக்கும் டிக்கன்ஸிடமே பதில் இருக்கிறது. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சற்று நேரம் சந்தித்துப் பிரிவதாகத்தான் அவர் முதலில் எழுதினார். அச்சுப்படியைப் படித்த புல்வர் லிட்டன் என்ற சக நாவலாசிரியர் மாற்றச் சொன்னார். டிக்கன்ஸும் இசைந்தார். 1861-ல் வெளிவந்த கதையில் இருவரும் கைகோத்துக்கொண்டு போகிறார்கள். பழைய முடிவு, டிக்கன்ஸ் 1870-ல் மறைந்த பிறகு, அவர் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே உலகுக்குத் தெரிந்தது.

புதிய முடிவே அழகு என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆசைப்பட்டதெல்லாம் பொய்யாய்ப் போனதைச் சொல்லும் ஒரு கதைக்கு அந்தத் தெருச் சந்திப்பே நியாயம் என்பது என் கட்சி. டிக்கன்ஸே சறுக்கிய இடத்தில் நான் எம்மாத்திரம் என்ற பயமும் எனக்கு உண்டு.

ஏனென்றால், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாளிலும் ஆறாவது காட்சி கல்யாணந்தான்! நண்பர் சொல்லுமுன்பே எழுதியிருந்தேன். பன்னிரண்டு வருஷம் தையல் மெஷினை மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவள் கமலம். மூன்றாவது காட்சியை எழுதும்போது, தம்பி கொண்டுவந்த வரனிடம் அவள், "என் மெஷினை எங்கே போடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டாள். நான் திட்டமிடாத கேள்வி. அவரால் பதில் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அன்றிரவே ஆறாவது காட்சியை அடித்துவிட்டேன். அதற்குமேல் நடத்தும் கல்யாணம் கமலத்துக்குப் பரிசாகாது. வாசகருக்குக் கொடுக்கும் லஞ்சமாகும்.

திட்டம் வேண்டும். அதை அடிக்கவும் வேண்டும். ஆனால் அடிக்கும் உரிமை கமலத்துக்கு உண்டு; விற்பனையைக் காட்டிப் பயமுறுத்துகிறவருக்குக் கிடையாது.

ஆறாவது காட்சியின் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதைக் கமலத்திடமே கேட்டு எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் படித்த பிறகு!