அகராதியா, கதைப் புத்தகமா?

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு, நாளொன்றுக்குப் பத்து வீதம் மனப்பாடம் செய்கிறோம். திங்களன்று ஒப்பித்தது வெள்ளியன்று மறந்துவிடுகிறது. 'ரன்' என்றால் 'ஓடு' என்று எழுதி வைத்திருக்கிறோம்; கதையிலோ ஆறும் 'ரன்' ஆகிறது, ஒருவர் கடையை 'ரன்' செய்கிறார், ஜலதோஷக்காரரின் மூக்கும் 'ரன்' ஆகிறது! இவற்றைப் பட்டியல் கற்பிக்குமா?

டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளச் சிறுவர்க்கென்றே எளிய வாசக நூல்கள் எழுதினார். புதுச்சொற்கள் சிலவே வரும். வந்தவை மீண்டும் மீண்டும் வரும். சொல் மனத்தில் பதிவது அவ்வாறுதான். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாதிருந்தால் துணையின்றிப் படிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஆகவே ஏழாம் வகுப்பிலேயே ஷேக்ஸ்பியரை மூலத்தில் தூக்கித் திரிவது வீண் பெருமையே.

எங்கள் நூலக அலமாரியோ வாரத்தில் ஒரு பாடவேளைதான் திறக்கிறது. தேர்வு மாதத்தில் அதுவுமில்லை. பெற்றோரே, எங்கள் கையில் கதைப் புத்தகம் கண்டால் "பாடத்தைப் படி" என்று பிடுங்காதீர்கள். அன்புள்ள சிஸ்டர், கோடை விடுமுறைக்கு ஆளுக்கு மூன்று புத்தகமேனும் கொடுத்தனுப்புங்கள். அட்டை போட்டு, பத்திரமாகத் திருப்பித் தருவோம்.