மூக்கு வழி இன்சுலின்: அவசரம் வேண்டாம்

2011இல் அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து வந்த செய்தி, மறதி நோயாளிகளின் குடும்பங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நினைவு மங்கத் தொடங்கிய 104 பேருக்கு, நான்கு மாதங்கள் தினமும் மூக்கின் வழியே இன்சுலினோ வெறும் உப்புநீரோ செலுத்திச் சோதித்தது சூசன் கிராஃப்ட் என்ற ஆய்வாளரின் குழு. குட்டிக் கதையொன்றைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். நாளுக்கு 20 யூனிட் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகச் சொன்னார்கள். 40 யூனிட்காரர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஏன் மூக்கு வழி? இன்சுலினை ஊசியாகப் போட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மூக்கில் அடித்தால் வாசனை நரம்புகளை ஒட்டி மருந்து நேரே மூளைக்குப் போகும் என்பது கணக்கு. கேட்க அழகாகத்தான் இருந்தது.

2020இல் வெளியான பெரிய ஆய்வில் அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. 289 பேர், ஓராண்டு, பலன் தெரியவில்லை. 20 யூனிட் பலித்திருக்க, இங்கே 40 யூனிட் கொடுத்தார்கள், ஏனோ! முதல் கருவி கோளாறு செய்ததால் நடுவில் வேறு கருவிக்கும் மாறினார்கள். பழைய கருவியைப் பயன்படுத்திய 49 பேரிடம் மட்டும் சில நல்ல அறிகுறிகள். அதை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

கருவியைப் பொறுத்துப் பலன் மாறக்கூடும் என்பதால், மூளைக்கு எவ்வளவு மருந்து போய்ச் சேர்கிறது என்று அளந்து காட்டும் ஆய்வுகளுக்குத்தான் இனிப் பணம் ஒதுக்க வேண்டும். அதுவரை, பிரிட்ஜில் இருக்கும் இன்சுலினை எடுத்துப் பெற்றோரின் மூக்கில் விடும் விபரீதத்தில் யாரும் இறங்க வேண்டாம்.