ஓடிபிக்கு மட்டும் வேண்டாமே!

போனுக்கு வேலை பழக்குவதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது. சொல்லப்போனால் அந்தக் கிறுக்கு எனக்கே உண்டு. தூத்துக்குடிக்காரனுக்கு டிரான்ஸ்பர் போட்டு திருச்சானூரில் உட்கார வைத்தால் சாயங்காலம் வேறென்ன செய்வான்? :-)

டாஸ்கர், மேக்ரோட்ராய்டு என்று ஆண்ட்ராய்டில் செயலிகள் இருக்கின்றன. 'இது நடந்தால் அதைச் செய்', அவ்வளவுதான் சூத்திரம். கிளைக்குள் நுழைந்ததும் என் போன் ஊமையாகிவிடும், அம்மாவின் அழைப்புக்கு மட்டும் வாய் திறக்கும். ராத்திரி எட்டானால் 'அம்மா மாத்திரை போட்டாச்சா' என்று கேட்டு, அவர் எண்ணையும் எடுத்து நீட்டும். பி.காம். படித்தவனுக்கே இது வருகிறது, உங்களுக்கு வராதா என்ன?

என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் சிலர், ஊரில் அப்பா அம்மா போனுக்கு வரும் வங்கி எஸ்எம்எஸ் எல்லாம் தங்கள் போனுக்கோ டெலிகிராமுக்கோ தானாக வந்து விழுகிற மாதிரி ஸ்கிரிப்ட் போட்டுவிடுகிறார்கள். காரணம் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஏபிகே வருகிறதே, அதை நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, வரும் ஓடிபியை எவனுக்கோ அனுப்புகிறது. திருடன் கேட்கும் சாவியும் மகன் கேட்கும் சாவியும் ஒன்றே. 'ஆமா, அனுமதி கொடு' என்று அமுக்க அம்மாவுக்கு ஒருமுறை பழக்கிவிட்டால், அடுத்த முறை கேட்பது யார் என்று அவர் பார்ப்பாரா?

இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை என்ன சொன்னது தெரியுமா? ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே பகிர்ந்து பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை ஆகும் நஷ்டம் முழுவதும் அவர் தலையில்தான். "என் பையனுக்குத்தானே சார் அனுப்பினேன்" என்று கவுண்டரில் அழுதால் எந்த அதிகாரியும் என்ன செய்ய முடியும்?

கரண்ட் பில், ரீசார்ஜ் மாதிரி மாதாமாதம் வருவதற்கு 2020-லேயே யுபிஐ ஆட்டோபே வந்துவிட்டது. பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே தகவல் வரும், வேண்டாமென்றால் நிறுத்தலாம். அம்மா கணக்கை நீங்களே பார்க்க வேண்டுமா, 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். உங்கள் பெயரில் நெட்பேங்கிங், உங்கள் போனுக்கே ஓடிபி. ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, கொஞ்சம் கேஒய்சி.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா போனில் செட்டிங்ஸைத் திறந்து, எஸ்எம்எஸ் அனுமதி எந்தெந்த செயலிக்கு இருக்கிறது என்று பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் முதலில் 1930-க்கும் வங்கிக்கும் போன் போடுங்கள். கிளைக்கு நேரில் வருவதெல்லாம் அப்புறம்.